கோடைக்கான வேகம்

என் அன்புத் தம்பி ஜூட்,

கோடை வந்ததும் உன் கணினியின் வேகத்தை எவ்வளவு குறைப்பாய்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. டிலானியிடமும் இல்லை. பதில் கணினிக்குள்ளேயே இருக்கும் என்று நினைத்து இன்று பின்னேரம் இருவருமாகத் திறந்து பார்த்தோம். நீ கடைசியாக வைத்துவிட்டுப் போன குளிர்கால வேகம் மட்டும்தான் அங்கே நிற்கிறது. கோடைக்கானதை நீ எங்கும் பதிந்து வைக்கவில்லை. தலைக்குள் வைத்திருந்தாய், எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

நீ இருந்த காலத்தில் இந்தக் கணினியைப் பற்றி நான் உன்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. இன்றைக்குத்தான் அது எனக்கு உறைத்தது.

இதை எங்கள் பங்கு இதழில் போடக் கொடுக்கப்போகிறேன். நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பூசை முடிந்தால் மண்டபத்தில் தேத்தண்ணிக்குக்கூட நிற்காமல் காருக்குப் போகிறவள். ஆனால் உன் மனைவி டிலானியைப் பற்றி நான் சொன்ன ஒரு கதை அதே மண்டபத்தில் மேசை மேசையாகப் போய்விட்டது. பிழையான கதை. அது போன வழியாலேயே திருத்தமும் போகவேண்டும். உன் கல்லறையில் தனியாக நின்று சொல்லிவிட்டு வருவது எனக்கு வசதியாக இருக்கும். டிலானிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

முதலில் இருந்தே சொல்கிறேன்.

ஜனவரியில் பிலோமினா அன்ரியின் மகளுடைய கல்யாணத்தைப் படம் பிடித்தாயே, அதுதான் நீ எடுத்த கடைசி வீடியோ. அடுத்த மாதமே உன் நெஞ்சு நின்றுபோனது. அன்ரி நல்லவர்தான். செத்தவீட்டில் அதைப் பற்றி மூச்சும் விடவில்லை. ஈஸ்டர் முடியும்வரை பொறுத்தார். பிறகு டிலானிக்குத் தொலைபேசி எடுத்து, "பிள்ளை, அவசரம் ஒண்டுமில்லை. ஆனா அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்க முந்திப் பாத்தா நல்லம்" என்றாராம்.

"நானே முடிச்சுத் தாறன் அன்ரி" என்றாள் டிலானி.

அவள் அதை என்னிடம் சொன்னபோது நான் நம்பவில்லை. காலையில் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிற வேலை, பின்னேரம் உங்கள் மகள் அனாவைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவந்து சமைத்துக் கொடுக்கிற வேலை, இதற்குள் வீடியோ வெட்டி ஒட்டுவதா? நீ அந்தப் பின்னறையில் வேலை செய்யும்போது அவள் உனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். தேத்தண்ணியை வைத்துவிட்டு உன் பக்கத்துக் கதிரையில் இருந்து எந்தக் காட்சியை வைக்கலாம், எதை எறியலாம் என்று பாதி வேலையை அவள்தான் செய்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. நான் எப்போதும் தேத்தண்ணிக் கோப்பை வருகிற நேரத்தில் எழும்பிப் போய்விடுவேன்.

இந்தக் கல்யாண வீடியோவை அவள் ஒழுங்காக முடித்துக் கொடுத்தால், அடுத்து ஒரு ஞானஸ்நானம், ஒரு முதல்நன்மை என்று இரண்டு குடும்பங்கள் அவளிடம் வரக் காத்திருந்தன. முடிக்காவிட்டால் நீ கட்டிய தொழில் அத்தோடு சரி. அவள் அதை என்னிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் உன் கமெராப் பையை அவள் அலுமாரிக்குள் வைக்காமல் வாசல் கொழுவியிலேயே விட்டிருந்தாள். நான் கண்டேன்.

அவளுடைய முதல் வேலை உன் குரலை வெட்டுவது. கல்யாண வீட்டார் கமெராக்காரனின் சத்தத்தைக் கேட்கவா காத்திருக்கிறார்கள்? நீயோ வாய் மூடிப் படமெடுத்ததே இல்லை. நான் ஒருநாள் அவளுக்குப் பின்னால் நின்று கேட்டேன். "அண்ணை, சோத்தை விட்டிட்டு இஞ்சால பாருங்கோ, சோறு ஓடாது." "அன்ரி, கொஞ்சம் சிரியுங்கோ, உங்கட மோள்தானே போறா, நீங்கள் போகேல்லையே." டிலானி முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

மே மாதக் கடைசியில் கணினி விழத் தொடங்கியது. வெட்டியதையெல்லாம் ஒரே வீடியோவாக்கி வெளியே எடுக்கும் நேரம்தான் கணினிக்கு மிகப் பாரமான வேலை. பாதிவழியில் திரை நீலமாகும், ஒரு வசனம் வரும், எல்லாம் அணைந்து மறுபடி முதலில் இருந்து எழும்பும். அனா பக்கத்து அறையில் இருந்து பிரெஞ்சில் "சா பிளோந்த்!" என்று கத்துவாள், 'விழுந்திட்டுது' என்று. அவளுக்கு அது விளையாட்டு.

டிலானி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "மச்சாள், நீங்கள் படிச்சனீங்கள். ஒருக்கா வந்து பாப்பீங்களே?"

அடுத்த சனிக்கிழமை காலையே ரொக்ஸ்பரோவில் உள்ள என் வீட்டில் இருந்து வந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு சனிக்கிழமைகள் வந்தேன். காலையில் வருவேன், மத்தியானத்துக்குமுன் போய்விடுவேன். இந்த விபரத்தை மனதில் வைத்திரு.

முதலில் நான் சந்தேகப்பட்டது உன்னைத்தான். கம்பனி ஒரு வேகத்தைக் குறித்துக் கொடுக்கும். நீ அதைவிடக் கூட்டி ஓடவிடுவாய். அதற்கு ஓவர்குளொக் என்று பெயர் சொல்லிப் பெருமைப்பட்டது நினைவிருக்கிறது. "செய்தவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று நான் நக்கலடித்ததும், "அக்கா, அவங்கள் எல்லாருக்கும் பொதுவாச் சொல்லுறாங்கள். நான் இந்த ஒண்டுக்குச் சொல்லுறன்" என்று நீ சொன்னதும் நினைவிருக்கிறது. ஆகவே முதல் நாளே, "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுக் கம்பனி வேகத்துக்கு விடுவம்" என்றேன்.

டிலானி பதறிப்போனாள். "ஐயோ மச்சாள், அவர் வைச்சதை ஒரேயடியா அழிக்காதேங்கோ."

"உணர்ச்சியை வைச்சுக்கொண்டு மெஷின் திருத்தேலாது, டிலானி" என்றேன். ஆனாலும் அழிக்கவில்லை. அதற்குப் பதிலாக, கணினியை வேண்டுமென்றே வியர்க்கவைக்கிற ஒரு நிரலைப் போட்டு ஓடவிட்டேன். அசையவில்லை. வெப்பத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஒரு தரம் பார்த்தேன், ஜூட். காலையில், ஜன்னல் திறந்திருக்க, ஒரே ஒரு தரம். உன் வேகத்திலும் பிழையில்லை, சூட்டிலும் பிழையில்லை என்று முடிவெடுத்து அந்த இரண்டையும் ஓரம்கட்டினேன்.

பிறகு நினைவகத் தகடுகளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சோதித்தேன். திரைக்குரிய மென்பொருளைப் புதிதாகப் போட்டேன். சுவரில் வேறொரு பிளக்கில் கொழுவிப் பார்த்தேன். மூடியைத் திறந்து தூசு தட்டினேன். உள்ளே தூசே இல்லை, நீ அப்படித் துப்புரவாக வைத்திருந்தாய். கோவில் பகுதியை மட்டும் நானே இருந்து வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. "எனக்கு ஓடுதே" என்றேன். அன்றைக்கே பின்னேரம் டிலானி மண்டபப் பகுதியைப் போட்டிருக்கிறாள். விழுந்திருக்கிறது.

அடுத்த கிழமையும் அப்படியே. நான் இருந்தால் ஓடும். நான் போனபின் அவளிடம் விழும்.

"நீர் என்ன தொட்டனீர்?" என்று கேட்டேன்.

"நான் ஒண்டும் தொடேல்லை மச்சாள்."

"ஒண்டும் தொடாமல் எப்பிடி விழும்? யோசிச்சுச் சொல்லும். எதை அமத்தினனீர்?"

"ஒண்டும் தொடேல்லை."

மூன்றாவது சனிக்கிழமை நான் முடிவுக்கு வந்துவிட்டேன். என் தொழிலில் எங்களைப் பழக்கியிருப்பது அதற்குத்தானே: எது மாறுகிறது, எது மாறவில்லை என்று பார். கணினி அதே கணினி. அறை அதே அறை. வேலை அதே வேலை. மாறுவது ஆள். என்னிடம் விழவில்லை, டிலானியிடம் விழுகிறது. ஆகவே காரணம் டிலானி. ஏன் என்று யோசித்தேன். அதற்கும் ஒரு பதில் கையில் இருந்தது. வீடியோ முடிந்துவிட்டால் உன் குரலோடு இருக்கிற வேலையும் முடிந்துவிடும். அவளுக்கு முடிக்க மனமில்லை. தெரிந்தோ தெரியாமலோ அவளே நிற்பாட்டுகிறாள்.

அதைச் சொல்லியும் விட்டேன். எழும்பிக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். "மெஷினில பிழையில்லை, டிலானி. பிழை உம்மிலதான். உமக்கு இதை முடிக்க விருப்பமில்லை. அதை ஒத்துக்கொண்டால் நல்லம். மெஷினை வித்துப்போட்டு வேற வழியைப் பாரும்."

அவள் அழவில்லை. சண்டையும் பிடிக்கவில்லை. கணினியை நிற்பாட்டிவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ மச்சாள்" என்றாள்.

நான் குடிக்காமல் போனேன்.

இதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் உனக்கும் எனக்கும் நடுவில் இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் பிலோமினா அன்ரி என்னைப் பிடித்தார். வீடியோ என்னாச்சு என்று கேட்டார். நான் அலட்டாத ஆள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். "மெஷின் சரியாத்தான் இருக்கு அன்ரி. அவவுக்குத்தான் முடிக்க மனமில்லை. மனநிலை சரியில்லைப் போல" என்றேன். அக்கறையாகச் சொல்வதுபோலச் சொன்னேன். அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது.

மூன்றே நாளில் கார்டெரியில் வேலைசெய்கிற இன்னொரு பெண் டிலானியிடம் ஒரு மனநல ஆலோசகரின் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருக்கிறாள். ஞானஸ்நான வீட்டுக்காரர், "நீங்கள் ஆறுதலா இருங்கோ, நாங்கள் வேற ஆளைப் பாக்கிறம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார்கள். பிலோமினா அன்ரி, வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியாவிட்டால் எல்லாவற்றையும் லவாலில் உள்ள ஒரு வீடியோக்காரரிடம் கொடுத்துவிடும்படி மரியாதையாகக் கேட்டிருக்கிறார். டிலானி இன்றைக்கு முன் ஒன்றையும் என்னிடம் சொல்லவில்லை.

இனி இன்று நடந்தது.

உன் காரில் இன்னும் குளிர்கால டயர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஏப்ரலில் மாற்றியிருக்க வேண்டும். யாருக்கு நினைவு? ஜூன் முடியப்போகிறது, ஊரெல்லாம் வெறுங்காலோடு திரிகிற வெயிலில் உன் கார் மட்டும் பனிச் சப்பாத்தோடு போய்க்கொண்டிருந்தது. மாற்றித் தருகிறேன் என்று இதற்கெல்லாம் முன்பே டிலானியிடம் சொல்லியிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் சொன்ன சொல் ஒன்று இருந்தது. காலையில் வேலை இருந்ததால் முதல் தரமாகப் பின்னேரம் வந்தேன்.

கோடை டயர்களைப் பின் பல்கனியில் தார்ப்பாயால் மூடி வைத்திருந்தாய். அங்கே போவதற்கு உன் பின்னறையால்தான் போகவேண்டும். கதவைத் திறந்தேன். முகத்தில் அடுப்பைத் திறந்தமாதிரி இருந்தது. மேல் மாடி, மேற்குப் பக்கம், தலைக்குமேல் தார் போட்ட கூரை. மத்தியானத்துக்குப் பிறகு வெயில் நேரே அந்தச் சுவரில்தான் வந்து விழுகிறது. வருடக்கணக்காக உன் வீட்டுக்கு வருகிறேன். கோடைப் பின்னேரத்தில் அந்த அறைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. உன் கெட்டிக்கார அக்காவுக்கு அப்போதும் விளங்கவில்லை.

டிலானியும் நானும் ஆளுக்கொரு டயராகத் தூக்கி, வளைந்து வளைந்து இறங்குகிற அந்த இரும்புப் படியால் கொண்டுபோனோம். இரண்டாவது டயர் என் கையில் இருந்து நழுவிப் படிப்படியாகக் குதித்துப் போய்க் கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவரின் தக்காளிப் பாத்தியில் விழுந்தது. கிழவர் எட்டிப் பார்த்தார். "பொன்ழூர்" என்று வணக்கம் சொன்னேன், வேறென்ன சொல்வது? டிலானி உதட்டைக் கடித்துக்கொண்டு அங்காலே திரும்பினாள்.

திரும்பியவள் அப்படியே நின்றாள்.

"மச்சாள்... அவர் டயர் மாத்திற அண்டைக்குத்தான் இதையும் குறைக்கிறவர்."

"எதை?"

"கொம்பியூட்டரை. குளிருக்குக் கூட்டுவார், ஜன்னலையும் ஒரு விரலளவு திறந்து வைப்பார். ஹீற்றரைப் போட்டிட்டு ஜன்னலைத் திறக்கிற ஒரே மனுசன் நீங்கள்தான் எண்டு நான் ஏசுறனான். பேந்து சமர் டயர் போடுற அண்டைக்குக் குறைப்பார். ஒரேயடியா இல்லை. கொஞ்சம் குறைச்சுப்போட்டு, பின்னேரச் சூட்டில ஓடவிட்டுப் பாத்து, பேந்தும் கொஞ்சம்."

நான் டயரைப் பிடித்துக்கொண்டு தக்காளிப் பாத்தியில் நின்றேன். என் கைக்குள் அந்தக் கறுப்பு ரப்பர் வெயிலில் சுட்டுக்கொண்டிருந்தது.

ஜூட், என் வேலை என்ன என்று இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லவேண்டும். மருந்துக் கம்பனியின் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன். மாத்திரைகளைச் சூட்டுப் பெட்டிகளில் வைத்து, எந்தச் சூட்டில் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம் தருகிற வேலை. குளிர்ந்த அறையில் காலையில் ஒரே ஒரு தரம் அளந்துவிட்டு, 'இது கோடைக்கும் தாங்கும்' என்று என் கீழே இருக்கிற யாராவது எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளைத் திருப்பி மேசையில் போட்டுவிடுவேன். காலைக்கும் பின்னேரத்துக்கும் நடுவில் மாறியது ஆள் மட்டுமா? வெயிலும்தான் மாறியது. அது என் கண்ணில் படவில்லை. டிலானி பட்டாள்.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. பழக்கத்தில் வந்துவிட்டது.

"எனக்கே இப்பதான் ஞாபகம் வந்தது" என்றாள். பிறகு, கோபமில்லாமல், "நான் என்ன தொட்டனான் எண்டுதான் நீங்கள் கேட்டனீங்கள், மச்சாள். அவர் என்ன செய்யிறவர் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை."

மேலே வந்தோம். கணினியைப் போட்டு வெப்பத்தைப் பார்த்தோம். சும்மா நிற்கும்போதே நான் காலையில் பார்த்த அளவைவிட எவ்வளவோ கூட. பாரமான வேலை கொடுத்தால் எங்கே போகும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. பெப்ரவரிக் குளிருக்கு நீ வைத்த வேகத்தில், ஜூன் வெயிலில், அது இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே பெரிது.

நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்பது எனக்கு எப்படி வரும் என்று உனக்குத் தெரியும். உன் குரலைப் பற்றியும் சொன்னேன், அதை வெட்ட மனமில்லாமல்தான் இழுத்தடிக்கிறாள் என்று நினைத்தேன் என்று.

"அவற்ற குரலெல்லாம் மே மாதமே எடுத்து முடிஞ்சுது" என்றாள். "எறியேல்லை. அனாவுக்கு எண்டு புறம்பா சேத்து வைச்சிருக்கிறன். எடுக்கேக்க கஷ்டமாத்தான் இருந்தது. அதுக்காக வேலையை விடேலுமே?"

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் திரும்பக் கேட்கவில்லை.

கம்பனி வேகத்துக்கே போய்விடலாம், நாளைக்குத்தான் கடைசி நாள், வீண் பரீட்சை வேண்டாம் என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டினாள், இல்லை என்று. "அதுக்கு அவர் இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை. சமருக்கும் ஒரு அளவு இருக்கு. அதைக் கண்டுபிடிப்பம். நாளைக்குப் பின்னேரம், சூட்டுக்குள்ளயே." தொட்டதும் அவள்தான். முதல் படி குறைத்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தேத்தண்ணிக் கோப்பை வந்தபோது எழும்பவில்லை.

வீட்டுக்கு வந்து பிலோமினா அன்ரிக்குத் தொலைபேசி எடுத்தேன். நான் சொன்னது பிழை, டிலானியில் ஒரு குறையும் இல்லை, பிழை முழுக்க என்னுடையது என்றேன். "ஐயோ பிள்ளை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு மூண்டு பேருக்குத்தான்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவர் இரண்டு மூன்று பேருக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னது நான்.

நீ வருடா வருடம் ஏப்ரலில் எனக்குத் தொலைபேசி எடுத்து, "அக்கா, இண்டைக்கு ரெண்டு பேருக்கும் கோடைச் செருப்புப் போட்டாச்சு" என்று சொல்வாயே. உனக்கு இருப்பது ஒரு கார். இரண்டாவது ஆள் யார் என்று நான் கேட்கவே இல்லை. 'ம்' என்பேன். என் கண் ஏதாவது அறிக்கையில் இருக்கும். ஒருமுறை கேட்டிருந்தால் நீ ஒரு மணித்தியாலம் விடாமல் விளங்கப்படுத்தியிருப்பாய். அந்தப் பயத்தில்தான் கேட்கவில்லையோ?

ஜூட், பெரிய வாக்கு ஒன்றும் என்னால் தர முடியாது. ஆளை மாற்றிக்கொள்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. சின்னதாக ஒன்று சொல்கிறேன். குளிர் வந்து டயர் மாற்றுகிற நாளில் நான் டிலானியிடம் வருவேன். டயரைத் தூக்குவேன். அவள் கணினியின் வேகத்தைக் கூட்டும்போது பக்கத்தில் இருப்பேன், ஏன் இவ்வளவு என்று கேட்பேன், சொல்லி முடிக்கும்வரை இருப்பேன். கோடைக்கு மறுபடியும் வருவேன். பின்னேரத்தில் வருவேன்.

கையெழுத்தை இப்போது போடவில்லை. நாளை நடப்பதையும் எழுதிவிட்டுத்தான் போடுவேன். முடிவு தெரியாமல் கையெழுத்துப் போட்டுத்தானே இவ்வளவும் வந்தது.

ஞாயிறு.

பூசை முடிந்து, இந்தமுறை மண்டபத்தில் தேத்தண்ணிக்கு நின்றுவிட்டு, டிலானியோடு பார்க் எக்ஸ்டென்ஷனில் உள்ள உங்கள் வீட்டுக்குப் போனேன். நேற்றைவிட வெயில் கூட. அவள் மண்டபப் பகுதியை ஓடவிட்டாள். பாலும் ஐஸ்கட்டியும் வாங்க அனாவைக் கூட்டிக்கொண்டு தெப்பனருக்கு, மூலைக் கடைக்கு, இறங்கினாள். "ஒண்டையும் தொடாதேங்கோ மச்சாள்" என்று வாசலில் நின்று சொன்னாள்.

நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். திரையில் மாப்பிள்ளை கேக் வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு திரை நீலமானது.

எனக்கு முன்னால். நான் மட்டும் இருக்கும்போது.

படியில் சத்தம் கேட்டது. அனா முதலில் ஓடிவந்து பார்த்துவிட்டு, "சா பிளோந்த்!" என்று கத்தினாள். டிலானி பையோடு வாசலில் நின்று திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் என்ன தொட்டனீங்கள், மச்சாள்?"

"நான் ஒண்டும் தொடேல்லை, டிலானி."

"ஒண்டும் தொடாமல் எப்பிடி விழும்? யோசிச்சுச் சொல்லுங்கோ."

சொல்லும்போதே சிரித்துவிட்டாள். பையை நிலத்தில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். நீ போனபிறகு அவள் சிரித்து நான் காணவில்லை. எனக்கு முகம் கொதித்தது. அது வெயிலால் இல்லை.

பிறகு அவள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இன்னும் ஒரு படி குறைத்தாள். ஏன் ஒரு படி மட்டும் என்று கேட்டேன். சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை கேட்டேன். மண்டபப் பகுதி வெயில் இறங்குவதற்குள் முழுதாக வெளியே வந்தது. சூட்டுக்குள்ளேயே இன்னொரு தரமும் ஓடவிட்டோம். நின்று பிடித்தது. இரண்டு பகுதியையும் சேர்த்து டிலானியே பிலோமினா அன்ரிக்கு அனுப்பினாள். அன்ரி அழுதுகொண்டு தொலைபேசி எடுத்தார், வீடியோ நல்லா வந்திருக்கிறது, ஆனால் தன்னை ஏன் இவ்வளவு குண்டாக எடுத்திருக்கிறீர்கள் என்று. ஞானஸ்நான வீட்டுக்காரரிடம் இருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை.

இந்தக் கடிதத்தை டிலானியிடம் வாசிக்கக் கொடுத்தேன். ஒரு இடத்தை மட்டும் வெட்டச் சொன்னாள். வெட்டிவிட்டேன்.

கோடை அளவு ஒன்று இப்போது எங்களிடம் இருக்கிறது. அது நீ வைக்கிற அளவுதானா என்று தெரியாது.

உன் அக்கா,
டிலானியின் மச்சாள்